நெறி கட்டிய காலம்

எங்கள் கொங்கு நாட்டில் நெறி கட்டுவது என்று ஒன்று உண்டு. காலில் முள் தைத்தாலும், கட்டைவிரல் கல்லில் இடறி நகம் பெயர்ந்தாலும், இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் ஒரு கட்டி திரளும். நடந்தால் வலிக்கும். இரவில் இலேசாக உடம்பு காயும். வீட்டிலுள்ள கிழவிகள் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. "எங்கியோ முள்ளு இருக்குது, காலைக் காட்டு" என்று சொல்லிப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்ப்பார்கள். முள்ளை எடுத்து மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டால் மூன்றாம் நாள் பையன் ஓடத் தொடங்கிவிடுவான். இதற்காக யாரும் வைத்தியரைத் தேடிப் போனதாக நான் அறியேன்.

ஆனால் சென்ற நூற்றாண்டின் முதல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கோயமுத்தூர் ஜில்லாவில் 'நெறி கட்டியிருக்கிறது' என்று தெருவில் நின்று உரக்கச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வந்திராது. சொன்னால் அடுத்த வீட்டுக்காரர் அன்று மாலையே வண்டி பூட்டியிருப்பார். அது பிளேக் காலம்.

பிளேக்கின் முதல் அடையாளமும் அதே நெறிதான். எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சி மனிதனைக் கடிக்கும்போது கிருமி உள்ளே போகிறது. பூச்சி பெரும்பாலும் கடிப்பது காலில். காலிலிருந்து மேலே ஏறும் விஷத்தை மறிப்பதற்கென்று உடம்பு தொடை இடுக்கில் ஒரு சாவடி வைத்திருக்கிறது. முள்ளின் சீழானாலும் பிளேக்கின் கிருமியானாலும் அந்தச் சாவடியில்தான் மறிக்கப்படும், அங்கேதான் வீங்கும். முதல் நாளில் இரண்டையும் பிரித்தறிவது கைதேர்ந்த டாக்டருக்கே சிரமம். சிறு வியாதியும் பெரு வியாதியும் ஒரே வேஷம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றால் வீட்டுக்காரன் என்ன செய்வான்? நூறாண்டுக்கு முன் அவன் என்ன செய்தான், ஏன் அப்படிச் செய்தான் என்பதைத்தான் இங்கே சொல்ல எண்ணுகிறேன். இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டைக் கண்ட நமக்கு அவன் அவ்வளவு அந்நியன் அல்லன்.

கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டுவோம். 1894-இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது யெர்சின் என்பவர் அங்கே அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டில், 1896 செப்டம்பரில், நோய் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவி வட்டாரத்தில் தலைகாட்டிவிட்டது. 1898-இல் பெங்களூருக்கு வந்தது. மைசூர் ராஜ்யத்துக்கும் கோயமுத்தூர் ஜில்லாவுக்கும் அந்தக் காலத்தில் இடையே இருந்தது காடும் கணவாயும்தான். கொள்ளேகாலம் தாலுகாவே 1956 வரை நம் ஜில்லாவைச் சேர்ந்தது. திம்பம் மலைப் பாதையில் தானிய வண்டிகள் இறங்கும். போத்தனூர் வழியே ரயில் வரும். மூட்டையோடு எலியும், எலியோடு பூச்சியும் பயணச் சீட்டில்லாமல் வந்து சேர்ந்தன. நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே கோயமுத்தூர் நகரத்தில் பிளேக் குடியேறிவிட்டது. ஒரு தடவை வந்து போன விருந்தாளியாக இல்லாமல், குளிர் காலம்தோறும் கதவைத் தட்டும் கடன்காரன்போல் அது திரும்பத் திரும்ப வந்தது.

ஜனத்தொகைக் கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 1891-இல் நகரத்தின் ஜனங்கள் 46,383 பேர். 1901-இல் 53,080. பஞ்சாலைகள் வந்துவிட்டன, பருத்தி வியாபாரம் வளர்கிறது, அடுத்த பத்தாண்டில் எண்ணிக்கை கூடத்தானே வேண்டும்? 1911-இல் 47,007 பேரே இருந்தார்கள். ஆறாயிரம் பேர் குறைவு. இறந்தவர் போக, பயந்து வெளியேறியவர் போக மிஞ்சிய கணக்கு அது. இதற்குப் பிளேக் ஒரு முக்கியக் காரணம். இந்தியா முழுவதிலும் சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை அந்த நோய் கொண்டுபோயிற்று.

இவ்வளவு பெரிய ஆபத்து வந்தபோது ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு அல்லவா ஓடியிருக்க வேண்டும்? அவர்கள் ஆஸ்பத்திரியை விட்டு ஓடினார்கள். அதற்கு நியாயம் இருந்தது.

1897-இல் சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொற்றுநோய்ச் சட்டம் என்று அதற்குப் பெயர். மிகச் சிறிய சட்டம். மொத்தம் நான்கே பிரிவுகள். அந்த நான்கு பிரிவுக்குள் வீட்டைச் சோதிக்கவும், ஆளைப் பிரிக்கவும், பிரயாணிகளை நிறுத்திப் பரிசோதிக்கவும் அதிகாரம் அடங்கியிருந்தது. ரயிலடியில் பிரயாணிகளை வரிசையாக நிறுத்தி அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி இருக்கிறதா என்று பார்த்தார்கள், பெண்களையும் பார்த்தார்கள். பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். அதன் விளைவாக, பிளேக் அதிகாரியான ராண்டு துரையை 1897 ஜூன் 22-ஆம் தேதி சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அதற்கு முந்தின அக்டோபரிலேயே பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரம் பேர் திரண்டு ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கொன்று உடம்பிலிருந்து தைலம் இறக்குகிறார்கள் என்றொரு வதந்தி அப்போது உலாவிற்று. சிரிக்க வேண்டாம். உள்ளே போனவர் யாரும் திரும்பி வராவிட்டால், உள்ளே நடப்பதைப் பற்றி வெளியே நிற்பவன் எதையும் நம்புவான்.

நம் சென்னை ராஜதானியில் அவ்வளவு முரட்டுத்தனம் நடக்கவில்லை. இங்கே 'பிளேக் பாஸ்போர்ட்டு' என்று ஒரு சீட்டு வைத்திருந்தார்கள். நோய் கண்ட பகுதியிலிருந்து வருகிறவன் அதை வாங்கிக்கொண்டு, போன ஊரில் குறிப்பிட்ட நாள்வரை தினந்தோறும் அதிகாரியிடம் ஆஜராகித் தன்னைக் காட்ட வேண்டும். ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகைகள் போட்டு, நோயாளிகளையும் அவர்களோடு இருந்தவர்களையும் பிரித்து வைத்தார்கள்.

ஒன்று நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கொட்டகையில் நோயாளிக்குக் கொடுக்க என்ன மருந்து இருந்தது? இல்லை என்பதே பதில். பிளேக்கை முறிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்னால் நெறி கட்டிப் படுத்தவர்களில் பாதிக்குப் பாதி, சில சமயம் அதற்கும் மேல், போய்விடுவார்கள். ஹாஃப்கின் 1897 ஜனவரியில் முதலில் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டு சோதித்த தடுப்பூசி, நோய் வராதவனுக்குத்தான் உதவியது, வந்தவனுக்கு உதவவில்லை. டாக்டர்களும் தாதிகளும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்நிய மனிதர் நடுவே, அந்நியச் சோறு தின்று, கடைசியில் வாயில் தண்ணீர் விட மகன் பக்கத்தில் இல்லாமல் சாக வேண்டுமே என்ற நினைப்பு இருக்கிறதே, அதற்கு அந்தக் காலத்துக் குடியானவனிடம் மாற்று இல்லை.

என் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, அந்தக் காலத்துக் குழந்தை. அவிநாசிக்குத் தெற்கே ஒரு கிராமம். அவளுக்கு வருஷக் கணக்குத் தெரியாது. "செருமன் சண்டை நடந்துக்கிட்டிருந்துது, எனக்குச் சடை போடற வயசு" என்பாள். 1917-ஐ ஒட்டி இருக்கலாம் என்று நான் கணக்கிட்டிருக்கிறேன்.

"எலி உழுந்துதுன்னா அவ்வளவுதான் கண்ணு. மச்சுல ஒண்ணு, குதிருக்குக் கீழ ஒண்ணு. அன்னைக்கே அப்பாரு வண்டியைப் பூட்டீட்டாங்க. சட்டி பானை, ஆடு மாடு எல்லாத்தோடயும் தோட்டத்துச் சாளைக்குப் போயிட்டம். ஊருக்குள்ள நாயி மட்டும்தான் இருந்துது."

சாளை என்றால் கொங்கு நாட்டார் தோட்டத்தில் கட்டிக்கொள்ளும் குடிசை. நாலைந்து மாதம் அங்கே இருந்தார்களாம். அப்போது அம்மிச்சியின் தம்பிக்கு ஆறு வயது. ஒருநாள் சாயங்காலம் பையன் காலை இழுத்து நடந்தான். இராத்திரி உடம்பு கொதித்தது. அவனைப் பெற்றவள் தொடையைத் தொட்டுப் பார்த்தாள்; எலுமிச்சங்காய் அளவுக்கு நெறி.

ஊரில் யாருக்காவது நோய் கண்டால் மணியகாரரிடம் சொல்ல வேண்டும். அவர் தாலுகாவுக்கு எழுத வேண்டும். அந்த மணியகாரர் இவர்களுக்குப் பங்காளி முறை. ஆனாலும் சொல்லவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் ஒரு கட்டிலில் கிடத்தி, மறைப்புக்கு நாலு கட்டுத் தட்டைச் சாத்திவிட்டார்கள். யார் கேட்டாலும் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று சொல்லும்படி அம்மிச்சிக்கு உத்தரவு.

"கொட்டாயில கொண்டுபோயிப் போட்டாங்கன்னா பையன் வரமாட்டான்னு அப்பாருக்குத் தெரியும்" என்றாள் அம்மிச்சி.

"அப்படி யாரையாச்சும் கொண்டுபோனதை அவங்க பாத்திருந்தாங்களா, அம்மிச்சி?" என்று கேட்டேன்.

"பாக்கோணுமா சாமி? ஊரே சொல்லுச்சு."

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். சரித்திரப் புத்தகங்களின்படி, சர்க்கார் தன் கடுமையை 1900-ஐ ஒட்டியே தளர்த்திவிட்டது. கலகங்களைப் பார்த்துப் பயந்து, பலவந்தமாகப் பிரிப்பதை விட்டு, வெளியேறுவதையும் ஊசி போடுவதையும் சொல்லிப் பார்ப்பது என்ற வழிக்கு வந்துவிட்டது. அம்மிச்சியின் தம்பி படுத்தபோது அந்தக் கடுமை தளர்ந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். ஆனால் அச்சம் அப்படியே இருந்தது. சட்டத்தை ஓர் உத்தரவில் மாற்றிவிடலாம். ஜனங்களின் மனத்திலிருந்து அதை எடுக்க ஒரு தலைமுறை போதாது.

மறுநாள் ஊர் நாவிதர் வந்தார். அக்காலத்தில் ரண வைத்தியம் அவர்கள் கையில்தான். அவர் நெறியைத் தொடவே இல்லையாம். காலைத்தான் பார்த்தார். குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி. முள்வாங்கியை எடுத்துக் கிளறினார். விரற்கடை நீளத்துக்கு ஒரு வேலாமுள், கூடவே சீழ். மூன்றாம் நாள் நெறி கரைந்துவிட்டது. அந்தப் பையன் எழுபது வயதுவரை வாழ்ந்து பேரன் பேத்தி எடுத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஒளித்து வைத்தது சாமர்த்தியம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அடுத்த தோட்டத்தில் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. ஒரு வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்து நெறி கட்டியது. இங்கே நடந்தது அவர்களுக்குத் தெரியும். அதனால் அவர்களும் மறைத்தார்கள். அதே நாவிதரைக் கூப்பிட்டார்கள். அவரும் காலை எடுத்து வைத்துக்கொண்டு, விளக்கைப் பக்கத்தில் பிடித்து, பாதம் முழுவதும் தேடினார்.

"முள்ளு இல்லீங் கண்ணு" என்றாள் அம்மிச்சி. அதற்குமேல் அவள் இந்தக் கதையைச் சொன்னதில்லை. நாலாம் நாள் அந்தப் பெண் இறந்தாள் என்பதையும், பாடை தூக்க ஆள் வரவில்லை என்பதையும் என் தாயார் சொல்லித்தான் அறிந்தேன்.

தூக்க ஆள் வராதது அந்த ஒரு வீட்டுக் கதை மாத்திரம் அல்ல. அப்போது கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஈரோட்டில் பிளேக் பரவி ஜனங்கள் ஊரைக் காலி செய்தபோது, ஈ. வெ. ராமசாமி அவர்கள் ஊரிலேயே தங்கி, கேட்பாரற்றுக் கிடந்த உடல்களைத் தாமே சுமந்து சென்று அடக்கம் செய்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிற்காலத்தில் பெரியார் என்று உலகம் அவரை எதற்கெல்லாமோ அறிந்தது. அந்தத் தோளை மறந்துவிடக் கூடாது.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாளா? மருந்தே இல்லாத காலத்தில் உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அன்று இரண்டு பக்கத்தாரும் எதில் சரி, எதில் தவறு என்று இன்று நம்மால் சொல்ல முடியும்.

1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர், பிளேக்கை எலியிடமிருந்து எடுத்து வருவது தெள்ளுப்பூச்சி என்று சோதனை செய்து காட்டினார். அவரைப் பலர் நம்பவில்லை. 1905-க்குப் பிறகு இந்தியாவில் பெரிய அளவில் ஆராய்ச்சி நடந்த பின்தான் அது ஒப்புக்கொள்ளப்பட்டது. எலி செத்து அதன் உடம்பு குளிர்ந்ததும், பூச்சி சூடான வேறு உடம்பைத் தேடிப் புறப்படுகிறது. அந்தச் சமயத்தில் வீட்டில் மனிதன் இல்லாமல் இருப்பதே நல்லது. எலி விழுந்த அன்றே வண்டி பூட்டினாரே அம்மிச்சியின் அப்பா, அவர் நுண்நோக்காடியைக் கண்டவர் அல்லர். ஆனால் அவர் செய்தது சரி. நெறி கட்டும் பிளேக் நுரையீரலைத் தாக்கினால் அன்றி ஆளிடமிருந்து ஆளுக்கு எளிதில் தாவுவதில்லை. ஆகவே தாயையும் பிள்ளையையும் பிரித்து, ரயிலடியில் பெண்களின் மானத்தைப் பறித்துச் செய்த காரியங்களில் பெரும்பகுதி வீண். எலி பாட்டுக்குக் கூரையில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனங்கள் தவறியதும் உண்டு. ஓடும்போது தானிய மூட்டையையும் படுக்கையையும் எடுத்துக்கொண்டுதான் ஓடினார்கள். பூச்சி அதிலேயே இருந்தது. மறைத்த காரணத்தால், எந்தத் தோட்டத்தில் நோய் இருக்கிறது என்று பக்கத்துத் தோட்டக்காரனுக்குத் தெரியாமல் போயிற்று. ஊசி போட வந்தவர்களைக் கண்டு ஒளிந்தார்கள். 1902-இல் பஞ்சாபில் மல்கோவால் என்ற ஊரில் ஊசி மருந்தில் வேறு கிருமி கலந்து 19 பேர் இறந்த செய்தி எட்டுத் திக்கும் பரவியிருந்ததால், அந்தப் பயத்தையும் முழு மூடத்தனம் என்று தள்ள முடியவில்லை.

பயந்த ஜனங்கள் கடைசியில் இரண்டு காரியம் செய்தார்கள். இரண்டையும் இன்றும் கோயமுத்தூரில் பார்க்கலாம். ஒன்று, அம்மனிடம் போனார்கள். நகரத்திலும் சுற்றுப்புறங்களிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஆங்கிலப் பெயரைத் தாங்கிய தமிழ்த் தெய்வம்! இதைக் கேலி செய்வோர் உண்டு. எனக்குக் கேலி செய்ய மனம் வரவில்லை. அதிகாரியிடம் போய், "என் பிள்ளையை விட்டுவிடு" என்று கேட்க முடியாதவர்கள், கேட்பதற்கு ஒரு முகத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். அந்தச் சந்நிதியில் யாரும் தொடையைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.

மற்றொன்று, ஊரை அகலமாக்கினார்கள். பெங்களூரில் 1898-க்குப் பிறகு மல்லேசுவரமும் பசவனகுடியும் எழுந்ததுபோல், இங்கும் நெருக்கமான பழைய பேட்டைகளுக்கு வெளியே காற்றோட்டமான நேர்த் தெருக்களோடு புதிய குடியிருப்புகள் வந்தன. முனிசிபல் சேர்மனாக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயரால் ஆர். எஸ். புரம் விளங்குகிறது. சிறுவாணித் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டவரும் அவரே. 1901-க்கும் 1911-க்கும் இடையே தேய்ந்த ஊர் 1921-இல் 65,788 பேராகவும், 1931-இல் 95,198 பேராகவும் வளர்ந்தது.

பிறகு மருந்து வந்தது, பிளேக் போயிற்று. நெறி மறுபடியும் வெறும் நெறியாயிற்று. நூறாண்டு கழித்து வேறொரு சிறு வியாதி பெரு வியாதியின் வேஷத்தைப் போட்டுக்கொண்டது. இந்தத் தடவை இருமலும் தொண்டை வலியும்.

2020 ஆகஸ்டில் எனக்குத் தொண்டை வலித்தது. உடம்பு கொஞ்சம் காய்ந்தது. வேறு எந்த வருஷமாக இருந்தாலும் மிளகுக் கஷாயத்தோடு போயிருக்கும். அந்த வருஷம் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் தட்டும் தம்ளரும் மட்டும் தனியாக வைக்கப்பட்டன. நான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது பக்கத்து வீட்டு நண்பர் மாடியில் நின்றபடியே சொன்னார்: "சாதாரணத் தொண்டை வலிக்குப் போயி மாட்டிக்காதீங்க. போனா அப்படியே கூட்டீட்டுப் போயிருவாங்க." ஊரே சொன்னது என்றாளே அம்மிச்சி, அந்தக் குரலை எனக்கு நூறாண்டு தாண்டி அடையாளம் தெரிந்தது.

ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை. வாசலிலேயே துப்பாக்கி போன்ற ஒரு கருவியை நெற்றிக்கு நேரே பிடித்தார்கள். காய்ச்சல்காரர்கள் தனியே ஒரு பந்தலுக்கு அனுப்பப்பட்டோம். தூரத் தூரமாக நாற்காலிகள். எனக்கு மூன்றாவது நாற்காலியில் ஒரு முதியவர். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். முகக்கவசத்துக்குள் இருமலை அடக்கி அடக்கி அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"எத்தனை நாளாக இருமுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமாச்சுங்க. வந்தாப் பிடிச்சு வெச்சுக்குவாங்கன்னு பயந்துட்டு வரலீங்க. ராத்திரி இருமல் வந்தாத் தலகாணியில வாயை வெச்சு அழுத்திக்குவனுங்க, பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

சோளத்தட்டுப் போர் என்றால் என்ன, தலையணை என்றால் என்ன?

தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் வந்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன. இருபத்தைந்து வயது இருக்கலாம். முதியவர் எதிரே குனிந்து நின்று சொன்னாள்: "பயப்படாதீங்க அய்யா. மூக்குல சளி எடுப்போம், கொஞ்சம் கரிக்கும். முடிவு நாளைக்குப் போன்ல வந்துரும். இல்லைன்னு வந்தாலும் இந்த இருமலை விட்டுற மாட்டோம், எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாம். இருக்குதுன்னு வந்தா எங்க தங்க வெப்போம், என்ன சாப்பாடு, தினமும் எத்தனை மணிக்கு வீட்டோட பேசலாம்னு நானே சொல்றேன்." பெரியவர் முதன்முறையாகக் கையை இடுப்பிலிருந்து எடுத்து நாற்காலியின் பிடியில் வைத்தார்.

எனக்கு வந்தது வெறும் தொண்டைப் புண். ஐந்து நாள் மாத்திரையில் போயிற்று. அந்த முதியவருக்கு எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று நான் கேட்டறியவில்லை. ஆனால் அவரைப் போன்றவர்களைப் பற்றிய கணக்கு பின்னால் வெளிவந்தது. இந்தியாவில் 2019-இல் காசநோய் என்று கண்டறிந்து பதிவு செய்யப்பட்டவர்கள் 24 இலட்சம் பேருக்குச் சற்று மேல். 2020-இல் 18 இலட்சம். ஆறு இலட்சம் பேர் குறைந்தார்கள். நோய் குறைந்துவிட்டதென்று எந்த டாக்டரும் மகிழவில்லை. வண்டி வாகனம் ஓடாததாலும், ஆஸ்பத்திரிகள் வேறு வேலையில் மூழ்கியதாலும் வர முடியாதவர்கள் அவர்களில் பலர். இருமலைத் தலையணையில் அழுத்திக்கொண்டு வராமலே இருந்தவர்களும் அதில் அடக்கம். 1911-ஆம் ஆண்டுக் கணக்கைப் போலவே இதிலும் ஆட்கள் காணாமற்போயிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பிளேக்கில் மறைத்தவன் பெரும்பாலும் தன்னைத்தான் கெடுத்துக்கொண்டான். கொரோனாவோ மூச்சோடு மூச்சாகப் பரவியது. மறைத்தவன் வீட்டையே கெடுத்தான். ஒரு நோய் கற்றுத் தந்த பாடம் இன்னொரு நோய்க்கு விஷமாகலாம். பிரித்து வைத்தல் 1897-இல் பெரும்பாலும் வீண், 2020-இல் அவசியம். ஆதலால் ஜனங்களின் பழைய அனுபவத்தை அப்படியே நம்பியிரு என்று நான் சொல்லவில்லை. அந்த அனுபவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பேசு என்கிறேன்.

பேசியவர்கள் இருந்தார்கள். 2021 மே மாதக் கடைசியில், புதிதாக நோய் கண்டவர்களின் தினசரி எண்ணிக்கையில் கோயமுத்தூர் சென்னையையே முந்தியிருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கத்து இ. எஸ். ஐ. ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. அந்த மாதம் 30-ஆம் தேதி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் முழுக் கவச உடையணிந்து அந்த ஆஸ்பத்திரியின் நோயாளிகள் நடுவே போய் நின்று விசாரித்தார். உள்ளே ஒருவர் போய்த் திரும்பி வருவதை ஊர் பார்த்தது. அதே மாதத்தில் இருகூர்ப் பக்கம் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குக் கருங்கல்லில் சிலை வைத்தார்கள். கோயமுத்தூர் தன் பழைய வழிகள் இரண்டையும் மறக்கவில்லை.

கடைசியாகச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் நோய் வந்தபோது சர்க்கார்கள் கையில் எடுத்தது, பூனாவில் ராண்டு துரை கையில் இருந்த அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். அந்த ஏப்ரலில் அதற்கு ஒரு திருத்தம் செய்தார்கள்: டாக்டர்களையும் நர்சுகளையும் தாக்குபவர்களுக்குத் தண்டனை. அது வேண்டியதுதான். ஆனால் அந்தப் பந்தலில் அந்தப் பெண் முதியவரிடம் சொன்ன நாலைந்து வாக்கியங்களுக்கு அந்தச் சட்டத்தில் பிரிவு கிடையாது. உள்ளே என்ன நடக்கும், எப்போது வெளியே வரலாம், வீட்டோடு எப்படிப் பேசலாம் என்பதை வருகிறவனுக்கு வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். செலவில்லாத காரியம். அடுத்த கொள்ளை நோய்க்குள் யாராவது சேர்த்தால், தலையணையில் வாயை வைத்து இருமுகிறவர்களில் சிலர் காலத்தோடு வந்து சேர்வார்கள்.